வெள்ளச்சி குடித்த பால்

"எழுதிக் குடுய்யா. இந்த ராயம்மாதான் பால்ல வெஷம் வெக்கறான்னு எழுதி, கீழ கையெழுத்துப் போடு. மிச்சத்த போலீசு பாத்துக்கும்."

வியாகுலம் கைத்தடியை நீட்டினார். தடியின் பூண் சமையல்காரி ராயம்மாளின் மூக்குக்கு விரற்கடை தூரத்தில் வந்து நின்றது. அவள் பின்னால் நகரவில்லை. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு தடியையே முறைத்தாள்.

"எழுதறதுக்கு முன்னாடி உக்கார எடம் குடுங்க," என்றார் பச்சியப்பன்.

யாரும் நாற்காலி போடவில்லை. அந்த வீட்டில் வந்தவனுக்கு நாற்காலி போடும் வழக்கம் எப்போதோ செத்துப்போயிருந்தது. வாசலில் கிடந்த கரும்புக் கட்டின் மேல் அவராகவே உட்கார்ந்துகொண்டார்.

பச்சியப்பன் தர்மபுரிப் பக்கம் இருபது வருஷத்துக்கு மேல் ஏட்டாக இருந்தவர். மேலதிகாரி சொன்ன பொய்யில் கையெழுத்துப் போடமாட்டேன் என்று தொப்பியைக் கழற்றி மேஜைமேல் வைத்துவிட்டு வந்த ஆள். படிப்பு நாலாங்கிளாஸ். இப்போது களவு போன மாட்டையும் ஓடிப்போன மாப்பிள்ளையையும் தேடிக் கொடுத்துப் பிழைக்கிறார். யாரையும் நம்புவதில்லை. கூப்பிட்டு வேலை கொடுத்தவனை முதலில் நம்புவதில்லை.

அவருக்குப் பின்னால் நின்ற மாது, முன்னாள் பஸ் கண்டக்டர். நாற்பது வயசு. டிக்கெட் பரிசோதகரைப் பார்த்து, "உங்களுக்கு அரை டிக்கெட்டா முழு டிக்கெட்டா?" என்று கேட்ட அன்றைக்கு வேலை போனது. வாய் மட்டும் போகவில்லை.

"ஏட்டய்யா, வந்தவுடனே கையெழுத்து கேக்கறாரு. நாம துப்பறிய வந்தமா, பத்திரம் பதிய வந்தமா?"

"வாய மூடுறா."

விவகாரம் இதுதான். பாலக்கோட்டுக்கு மேற்கே கரும்பும் தென்னையுமாக நிலம் வைத்திருக்கும் வியாகுலத்துக்குச் சர்க்கரை வியாதி. வீட்டில் இருக்கிற ஒருவரையும் அவர் நம்புவதில்லை. அதனால் இரண்டு வருஷமாக, தினமும் ராத்திரி தனக்கு வரும் பாலில் பாதியை வளர்ப்புப் பூனை வெள்ளச்சிக்கு ஊற்றிக் குடிக்கவைத்து, அது சாகாமல் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் மீதியை அவர் குடிப்பார். அந்தப் பூனை இப்போது பின்னங்கால் இழுத்துக்கொண்டு கிடக்கிறது. பாலை மெட்ராசுக்கு அனுப்பிப் பரிசோதித்ததில் விஷமில்லை என்று வந்தும், மெல்லக் கொல்லும் விஷம் என்று வியாகுலம் முடிவு கட்டிவிட்டார். பாலைக் காய்ச்சுகிறவள் ராயம்மாள். சாயந்திரம் போலீஸ் ஜீப் வரும். அவளை ஏற்றிக்கொண்டு போகும்.

"காச்சறவ நான்னா வெஷம் வெச்சவளும் நானா?" என்றாள் ராயம்மாள். "அப்படி வெக்கறதா இருந்தா பூனைக்கு எதுக்கு வெப்பன்? நேரா உம்ம வாயில ஊத்தியிருப்பன்."

"கேட்டியாய்யா? கேட்டியா?" வியாகுலம் தடியால் தரையைக் குத்தினார். "போன கோடையில ஊரு முன்னாடி நின்னு சாபம் வுட்டா. என் காலு அழுவிப் போவும்னா. இங்க பாரு."

வேட்டியை ஒதுக்கி வலது காலைக் காட்டினார். கட்டைவிரல் கறுத்திருந்தது. துணிக்கட்டிலிருந்து வாடை வந்தது.

"எம் மவளுக்குக் காய்ச்சல், ஒரு நாள் வூட்டுக்குப் போறன்னேன்," என்றாள் ராயம்மாள். "உலைய வெச்சிட்டு போடின்னாரு. சொன்னேன். வாயாலதான் சொன்னேன். வாயில வந்தது எல்லாம் நடக்கும்னா இந்த வூடு எப்பவோ எரிஞ்சிருக்கும்."

"பெரியப்பா, இவகிட்ட என்ன பேச்சு?" என்று மாட்டுக் கொட்டகைப் பக்கமிருந்து ஒருவன் வந்தான். வியாகுலத்தின் தம்பி மகன் மதலைமுத்து. நிலத்தைப் பார்த்துக்கொள்கிறவன் அவன்தான். வெல்லம் காய்ச்சும் கொட்டகையும் அவன் பொறுப்பு. கை நிறையப் புகைக்கரி. "ரெண்டு அறை வுட்டா கக்கிடுவா. இந்த கெழட்டு ஏட்டு என்னாத்த கண்டுபுடிக்கப் போறாரு?"

"கண்டுபுடிச்சா உனக்கு என்ன கஷ்டம்?" என்று பச்சியப்பன் திருப்பிக் கேட்டார். அவன் எச்சிலைத் துப்பினான்.

பச்சியப்பன் எழுந்து பூனையிடம் போனார். சமையற்கட்டுச் சுவரோரம் ஒரு கோணிச்சாக்கின்மேல் வெள்ளச்சி கிடந்தது. ஒரு காலத்தில் கொழுத்த பூனையாக இருந்திருக்கவேண்டும். தோல் மட்டும் பெரிதாக இருந்தது, உள்ளே ஆள் இல்லை. எதிரே மண்சட்டியில் தண்ணீர். ஒரு மூச்சில் பாதிச் சட்டியை நக்கிக் குடித்தது. எழுந்து நாலடி நடந்தது. பின்னங்கால்களில் பாதத்தால் நடக்கவில்லை, முட்டி வரைக்கும் தரையில் பதித்து, குந்தியபடியே நகர்ந்தது. சுவர் மூலையில் நின்று நனைத்துவிட்டுத் திரும்பி வந்து விழுந்தது.

"நிறைய குடிக்குது, நிறைய போவுது," என்றான் மாது. "எங்க பஸ் ரேடியேட்டர் மாதிரி."

பச்சியப்பன் மூலையில் குனிந்தார். ஈரம் காய்ந்த இடத்தில் எறும்பு மொய்த்துக்கொண்டிருந்தது. ஒன்றிரண்டு இல்லை, சாரை சாரையாக. சாக்கின் நனைந்த ஓரத்திலும் அதே கூட்டம்.

"மாது, பூனை மூத்திரத்துல எறும்புக்கு என்ன வேல?"

மாது குனிந்து பார்த்தான். சிரிப்புக் கொஞ்சம் இறங்கியது. "எங்க மாமனாருக்கு இப்படித்தாங்க கண்டுபுடிச்சோம். கொல்லையில அவரு போன எடத்துல எறும்பு ஊர்வலம். அப்பறம்தான் டாக்டரு சக்கரைன்னாரு. அய்யோ! பூனைக்குமா?"

"மனுசனுக்கு வர்றது பூனைக்கு ஏன் வரக்கூடாது?"

"அப்ப வெஷம் இல்லீங்களா?"

"மெட்ராசுக்குப் பாலை அனுப்பி பரிசோதிச்சாங்களே, வெஷமில்லைன்னுதான வந்துச்சி. அதை இந்த ஆளு நம்பல. நான் நம்பறன். நம்பிட்டா அடுத்த கேள்வி வருது. சும்மா பாலும் சோறும் தின்ன பூனைக்கு ஏன் இந்தக் கதி?"

மாது ஓடிப்போய் வெல்லக் கொட்டகையிலிருந்து ஓர் அச்சு வெல்லம் கொண்டுவந்தான். பச்சியப்பன் அதை உடைத்துப் பூனையின் மூக்குக்கு முன்னால் வைத்தார். பக்கத்தில் ராயம்மாளிடம் வாங்கிய கருவாட்டுத் தலை ஒன்று. வெள்ளச்சி வெல்லத்தின்மேல் காலை வைத்து மிதித்துக்கொண்டு போய்க் கருவாட்டைக் கவ்வியது. வெல்லம் அதற்குக் கூழாங்கல்.

"மோந்துகூட பாக்கலீங்க. வெல்லத்த இப்படி அவமானப்படுத்தி நான் பாத்ததே இல்ல," என்று மாது அதை எடுத்து ஊதி வாயில் போட்டுக்கொண்டான்.

"பூனைக்கு இனிப்புன்னா என்னன்னே தெரியாதுறா. நாக்குல அது இல்ல. கள்ளத்தனமா போய் சக்கரைய நக்கியிருக்காது. யாரோ குடுத்திருக்காங்க. அதுக்குப் புடிச்ச ஒண்ணுல கலந்து, தினமும் குடுத்திருக்காங்க."

"பால்ல!"

"கத்தாத."

சமையற்கட்டில் ராயம்மாள் அடுப்பைத் தட்டிக்கொண்டிருந்தாள். உள்ளே வந்த இருவரையும் பார்த்தும் ஊதுகுழலைக் கீழே வைக்கவில்லை.

"ஏம்மா, சக்கரை எங்க வெச்சிருக்க?"

"சக்கரையா?" அவள் சிரித்த சிரிப்பில் ஈரம் இல்லை. "இந்த வூட்டுல சக்கரை நுழைஞ்சி ரெண்டு வருசமாச்சி. காப்பிக்கு இல்ல, கிறிஸ்மசுக்கு இல்ல. வெல்லத்தக்கூட கொட்டகையோட நிறுத்திட்டாரு கெழவரு. தனக்கில்லாதது யாருக்கும் இருக்கக்கூடாதாம். ரேசன் சக்கரைய நான் தொடறதே இல்ல, கார்டு என்கிட்ட இல்ல."

"யாருகிட்ட?"

"ஞானமேரியம்மாகிட்ட. அவங்கதான் கடைக்குப் போவாங்க. ரேசன் சக்கரைய கோயில் சாமியாருக்கு குடுத்துட்டு வர்றதா சொல்வாங்க."

ஞானமேரி வியாகுலத்தின் மருமகள். மகன் சவரிமுத்து செத்து மூணு வருஷம். அதற்குப் பிறகு வெள்ளைச் சேலையும் ஜெபமாலையுமாக அந்த வீட்டிலேயே இருக்கிறவள். ராயம்மாள் காய்ச்சிய பாலை வாங்கிக்கொண்டு போய் மாமனாருக்குக் கொடுப்பது அவள்தான். பூனைக்கு ஊற்றுவதும் அவள்தான். வெள்ளச்சி படுத்துவிட்டதிலிருந்து மடியில் வைத்துத் தடவிக்கொண்டு அழுகிறவளும் அவள்தான்.

"நல்ல பொம்பளைங்க," என்றாள் ராயம்மாள். "இந்த வூட்டுல என்னைப் பாத்து 'சாப்டியா'ன்னு கேக்கற ஒரே வாய் அது."

வெளியே வந்ததும் மாது காதில் ஓதினான். "ஏட்டய்யா, கரும்பு யாரு கையில? வெல்லம் யாரு கையில? கெழவரு போனா நெலம் யாரு கைக்கு? எல்லாம் மதலைமுத்து. ரைட் குடுங்க, போயிடலாம்."

"வெல்லத்தப் பால்ல போட்டா பாலு செவக்கும், சூட்டுல திரியவும் திரியும். இந்த கெழவன் பாலைக் கண்ணுல வெளக்கெண்ண வுட்டுக்கிட்டு பாக்கற ஆளு. வெள்ளைப் பால்ல வெள்ளையா கரையணும்."

"அப்ப சக்கரை."

"சக்கரை. இல்லாத வூட்டுல இருக்கற சக்கரை."

பச்சியப்பன் நடுவாசலுக்கு வந்து உரக்கச் சொன்னார்: "விஷம் இருக்கான்னு எல்லா ரூமையும் பாக்கணும். பெட்டிய தொறங்க."

வியாகுலத்துக்கு ஏக சந்தோஷம். தடியை ஊன்றிக்கொண்டு முன்னால் நடந்தார். ராயம்மாள் படுக்கும் மூலையில் ஒரு தகரப் பெட்டி, இரண்டு சேலை. மதலைமுத்துவின் அறையைத் திறந்ததும் கட்டிலுக்கடியில் மண்டையோடு படம் போட்ட எண்டிரின் டப்பா இருந்தது.

வியாகுலம் அவன் பக்கம் திரும்பினார். "நீதானா? நீதானாடா நாயே?"

"கரும்புக்குப் பூச்சி மருந்து அடிக்காம உம்ம தலையிலயா அடிப்பாங்க?" மதலைமுத்து கத்தினான். "வெக்க வேற எடம் குடுத்தியா நீ? வயலு என் முதுகுல, வெளைச்சல் உன் பொட்டில! உன்ன கொல்லணும்னா எனக்கு வெஷம் எதுக்கு? கெணத்து மேட்டுல ஒரு தள்ளு போதும்!"

"பாத்துக்கய்யா! இவனையும் எழுதிக்க! ரெண்டு பேரையும் எழுதிக்க!"

தடி உயர்ந்தது. மதலைமுத்து அதைப் பிடித்தான். இருவரும் கன்றுக்குட்டிக் கயிற்றை இழுப்பதுபோல் இழுத்தார்கள். மாது நடுவில் புகுந்து, "எறங்கறவங்க மொதல்ல எறங்குங்க, அப்பறம் ஏறலாம்," என்று பிரித்துவிட்டான்.

அந்தக் கூச்சலில் பச்சியப்பன் தனியாக ஞானமேரியின் அறைக்குள் போய்விட்டு வந்தார். சின்ன அறை. கட்டில், மாதா படம், ஜெபப் புத்தகம். சுவர் மாடத்தில் ஒரு தட்டில் தண்ணீர் ஊற்றி, தண்ணீருக்கு நடுவில் ஒரு முகப்பவுடர் டப்பா. அவர் எதையும் தொடவில்லை. கதவைச் சாத்திக்கொண்டு வெளியே வந்தபோது ஞானமேரி பூனையை மடியில் போட்டுக்கொண்டு வாசலில் இருந்தாள். அவரை நிமிர்ந்து பார்த்தாள். 

பச்சியப்பன் வியாகுலத்தின் எதிரில் போய் நின்றார். "உங்களுக்கு சக்கரை எப்படி இருக்குங்க இப்ப?"

"ஏறிக்கிட்டேதான் போவுது. மாசாமாசம் அந்த டாக்டரு திட்டறான். திருட்டுத்தனமா இனிப்பு திங்கறயான்னு கேக்கறான். மாதா சத்தியமா ஒரு சொட்டு தொடறதில்லன்னா சிரிக்கறான். காலை எடுக்கணும்கறான். எவன் நம்பறான் என்னை?"

இரண்டு வருஷமாக யாரையும் நம்பாத ஆள், தன்னை யாரும் நம்பவில்லை என்று அழுகிற குரலில் சொன்னார். பச்சியப்பனுக்கு இரக்கம் வரவில்லை. ஆனால் பொய் சொல்லவில்லை என்று தெரிந்தது.

"வெஷம்னு எதை வெச்சி சந்தேகப்பட்டீங்க? பூனை விழுந்தது இப்பதான. அதுக்கு முன்னாடி?"

"பாலு கசக்கும்யா! வாயில வெச்சா கசப்பு. அப்பறம் சுண்ணாம்புத் தண்ணி குடிக்கற மாதிரி, ஒரு ருசியும் இருக்காது. நல்ல பாலு கசக்குமா?"

"பால் குடிக்கறதுக்கு முன்னாடி வேற ஏதாவது தின்பீங்களா?"

"மருந்துப் பொடி. கம்பைநல்லூரு வைத்தியன் குடுத்தது, சிறுகுறிஞ்சான். நாக்குல போட்டு நல்லா மெல்லணும், அப்பறம் பாலு."

"அப்படித்தான் வைத்தியரு சொன்னாரா?"

"நான் எங்க போனன் இந்தக் காலோட? ஞானமேரிதான் போயி வாங்கியாந்தா. அவதான் சொன்னா."

தெருவில் ஜீப் சத்தம் கேட்டது. ராயம்மாள் சமையற்கட்டு வாசலுக்கு வந்து நின்றாள். கையைச் சேலையில் துடைத்தாள், திரும்பத் திரும்பத் துடைத்தாள். காய்ச்சலில் கிடந்த மகள் அவள் நினைப்பில் வந்திருக்கவேண்டும். 

சப்-இன்ஸ்பெக்டர் இறங்கினார். இளம் ஆள். பச்சியப்பனைப் பார்த்து முகம் சுளித்தார். "நீங்க எங்கய்யா இங்க? யாரு அந்த பொம்பள? ஏத்துங்க."

"ஏத்தலாம். ஒரு டப்பாவ பாத்துட்டு ஏத்துங்க," என்றார் பச்சியப்பன். "மாது, அந்தப் பவுடர் டப்பாவ எடுத்துட்டு வா. தட்டோட. தண்ணி சிந்தாம."

மாது சர்வர் மாதிரி ஏந்திக்கொண்டு வந்தான். பச்சியப்பன் தட்டை வியாகுலத்தின் முன்னால் வைத்தார்.

"இது ஞானமேரியம்மா ரூம்ல இருந்துச்சி. ரெண்டு கேள்வி. சேலையில கலரு கூட வேணாம்னு இருக்கற அம்மாவுக்கு முகப்பவுடர் எதுக்கு? அது போவட்டும், பழைய டப்பா. பவுடர் டப்பாவ தண்ணித் தட்டுல எதுக்கு நிக்க வெக்கணும்? எறும்பு ஏறாம இருக்கத்தான் நம்ம பொம்பளைங்க தட்டுல தண்ணி ஊத்துவாங்க. எறும்பு மூஞ்சிக்கு பவுடர் போடுதா?"

மூடியைத் திருகி விரலை உள்ளே விட்டார். விரல் வெள்ளையாக வந்தது. நேராக வாய்க்குக் கொண்டுபோனார்.

"யோவ்! வெஷம்யா!" மதலைமுத்து அலறினான். சப்-இன்ஸ்பெக்டர் ஓரடி பின்னால் போனார்.

பச்சியப்பன் விரலைச் சப்பினார். இன்னொரு தடவை விட்டுச் சப்பினார். "இடிச்ச சக்கரை. நல்லா நைசா இடிச்சிருக்கு."

அவர் வியாகுலத்தின் பக்கம் திரும்பினார்.

"இந்த வூட்டுல இத்தன பேரு இருந்தும் ஒருத்தரும் அந்தப் பாலை வாயில வெச்சுப் பாக்கல. வெஷம் வெஷம்னு கத்திக்கத்தியே எல்லாத்தையும் கிட்ட வராம பண்ணிட்டீங்க. மெட்ராசுக்காரன்கிட்ட வெஷம் இருக்கான்னு கேட்டீங்க, இல்லைன்னான். இனிப்பா இருக்கான்னு நீங்க கேக்கவும் இல்ல, அவன் சொல்லவும் இல்ல. குடிச்சது ரெண்டே பேரு. பூனைக்கு இனிப்பு தெரியாது. உங்களுக்கு?"

"எனக்குத் தெரியாதா? பொய்! நான் என்ன பூனையா?"

"மாது, நாக்க நீட்டு."

"ஏட்டய்யா, எனக்கு பொண்டாட்டி இருக்குங்க."

"நீட்டுறா."

வியாகுலத்தின் மருந்துப் பொட்டலத்தைப் பிரித்து ஒரு சிட்டிகைப் பொடியை அவன் நாக்கில் வைத்தார். மாது மென்றான். முகம் கோணியது. கொஞ்சம் பொறுத்து, டப்பாவிலிருந்து ஒரு கரண்டிச் சர்க்கரையை வாயில் கொட்டினார். மாதுவின் கண் விரிந்தது.

"மணலுங்க! ஆத்து மணல்! அய்யோ, என் நாக்கு எங்கங்க போச்சி? நாளைக்கு லட்டு தின்னா என்ன ஆவறது?"

"கொஞ்ச நேரத்துல வந்துடும். சிறுகுறிஞ்சானுக்கு சக்கரைக்கொல்லின்னு ஒரு பேரு இருக்குங்க. நாக்குல இனிப்பை கொன்னுடும். அதை மென்னுட்டுப் பாலைக் குடிச்சா, அதுல எவ்வளவு சக்கரை இருந்தாலும் தெரியாது. பொடியோட கசப்பு மட்டும் மிச்சம் நிக்கும். அந்தக் கசப்பைத்தான் வெஷம்னு நெனச்சீங்க."

வியாகுலம் நம்பவில்லை. நம்புகிற பிறவியா அவர்? பொட்டலத்தைப் பிடுங்கித் தானே பொடியை வாயில் போட்டு மென்றார். டப்பாவிலிருந்து துளி எடுத்து நாக்கில் தடவினார். காத்திருந்தார். அவர் முகத்திலிருந்து ரத்தம் வற்றுவது கண்ணுக்குத் தெரிந்தது. இரண்டு வருஷத்துப் பாலும் அந்த ஒரு துளியில் இறங்கினதுபோல் தடியைப் பிடித்தபடி அப்படியே உட்கார்ந்தார்.

"ஞானமேரி," என்றார். 

அவள் பூனையை மெதுவாகச் சாக்கில் இறக்கிவிட்டு எழுந்தாள். அழுகை இல்லை. ஜெபமாலையை இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"ஆமாங்க மாமா. தினமும் ரெண்டு கரண்டி. பூனை பாவம், அதுக்கு ஊத்தறப்ப எனக்கு மனசு கேக்கல. அதுக்குத்தான் அழுதன். உங்களுக்கு இல்ல."

"அடிப்பாவி! சோறு போட்டனே!"

"உங்க மவன் பாம்பு கடிச்சி நடு வூட்டுல கெடந்தாரு. வண்டி கட்டச் சொல்லி உங்க காலைப் புடிச்சன். மழையில சேறு, மாட்டுக்குக் காலு வழுக்கி ஒடிஞ்சிடும், விடியட்டும்னு சொன்னீங்க. விடிஞ்சிது. அவரு இல்ல. மாட்டுக் காலு நல்லாத்தான் இருந்துச்சி." அவள் பார்வை கறுத்த கட்டைவிரலில் நின்றது. "இப்ப உங்க காலு."



சப்-இன்ஸ்பெக்டர் தொண்டையைச் செருமினார். "என்னய்யா இது? வெஷம்னு தகவல் குடுத்துட்டு சக்கரை டப்பாவ காட்டறீங்க. சக்கரை குடுத்தான்னு நான் கேஸ் எழுதினா மேல இருக்கறவன் என்னை இனிப்பு கடைக்கு மாத்திடுவான்."

"கொல்லணும்னு குடுத்தாங்க," என்றார் பச்சியப்பன்.

"கோர்ட்ல சொல்வாங்களா?"

"பால்ல சக்கரை போட்டன்னு சொல்வன்," என்றாள் ஞானமேரி. "மாமாவுக்கு ஆசையா இருந்துச்சின்னு சொல்வன். டாக்டரும் அதைத்தான சொல்றாரு, திருட்டுத்தனமா திங்கறாருன்னு."

சப்-இன்ஸ்பெக்டர் ஜீப்பில் ஏறினார். புழுதி மட்டும் நின்றது. பச்சியப்பன் பல்லைக் கடித்தார். திருடனைப் பிடித்துக் கொடுத்தும் விட்டுவிட்டுப் போகிறவர்களை அவர் வேலையில் இருந்தபோதே நிறையப் பார்த்திருக்கிறார்.

வியாகுலம் தடியை ஊன்றி எழுந்தார். பழைய குரல் கொஞ்சம் திரும்பியது. "மதலை! இவள வெளிய தள்ளு."

மதலைமுத்து கரிக் கையை வேட்டியில் துடைத்தான். "என்னை நாய்ன்னியே பெரியப்பா. நாய் எதுக்கு உன் வூட்டு விவகாரத்துல?" கொட்டகையைப் பார்த்து நடந்துவிட்டான்.

"ராயம்மா, நீ போயி அடுப்பப் பத்த வெய்யி. உம்மேல ஒண்ணும் இல்லைன்னு ஆயிடுச்சில்ல. போ."

ராயம்மாள் உள்ளே போனாள். தகரப் பெட்டியோடு வெளியே வந்தாள். பெட்டியைத் தலையில் வைத்து, குனிந்து வெள்ளச்சியைச் சாக்கோடு அள்ளி இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

"ஏய்! பூனை என்னுது!"

"உம்மதுதான். உமக்குப் பதிலா சாகறதுக்கு வெச்சிருந்தீரு. இனிமே மீன் தலையும் கருவாடுமா தின்னட்டும், பொழைச்சா பொழைக்குது. கையில வெலங்கு மாட்டப் பாத்தவன் வூட்டுல எனக்கு என்னா அடுப்பு?"

அவள் படலைத் திறந்துகொண்டு போனாள். திரும்பிப் பார்க்கவில்லை.

"ஏட்டு, நீ இருய்யா," என்றார் வியாகுலம். "ஒரு வாரம் இரு. ஆளு பாக்கற வரைக்கும்."

"நீங்க கூப்ட்டது வெஷம் வெச்சவள கண்டுபுடிக்க. கண்டுபுடிச்சாச்சு. சமைக்க வரல." பச்சியப்பன் துண்டை உதறித் தோளில் போட்டார். "பொடிய காலையில வெறும் வயித்துல தின்னுங்க. பாலை நாக்கு சுத்தமா இருக்கறப்ப குடிங்க."

இருவரும் படலைத் தாண்டும்போது பின்னால் ஞானமேரியின் குரல் கேட்டது. எப்போதும்போல் மெதுவான, மரியாதையான குரல்.

"மாமா, ராத்திரிக்குப் பால் காய்ச்சட்டுங்களா?"

வியாகுலம் தடியால் அவளைச் சுட்டினார். "காய்ச்சு. என் கண்ணு முன்னாடி மொதல்ல நீ குடிக்கணும்," என்றார்.

"குடிக்கறங்க மாமா. முழு டம்ளரும் குடிக்கறன். எனக்கு சக்கரை ஆகாதுன்னு எந்த டாக்டரும் சொல்லலியே."